மேசையைச் சுற்றி ஒரு பிராகாரம்

கண்ணை மூடிக்கொண்டு உருளும்போது வீடு முதுகுக்கும் மூக்குக்கும் மட்டுமே தெரிகிறது. சன்னல் ஓரத்துத் தரை வெதுவெதுப்பாக இருக்கும், காலை வெயில் அங்கே விழுந்து கிடப்பதால். மின்விசிறிக்கு நேர் கீழே வந்ததும் வியர்த்த நெற்றியில் காற்று தட்டும். சமையலறை வாசலில் பெருங்காயம் மணக்கும், அங்கேதான் மூலை திரும்ப வேண்டும். கைகளைத் தலைக்கு மேல் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து, கணுக்கால்களை ஒட்டி வைத்து, வலப்பக்கமாக ஒரு புரட்டு, மூக்கு தரையில் இடிபடாமல் இன்னொரு புரட்டு. நடுவில் சாப்பாட்டு மேசை. நாற்காலிகளை என் கணவர் படுக்கையறைக்குள் அடுக்கிவிட்டார். மேசையை மட்டும் எடுக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். சுற்றி வருவதற்கு நடுவில் ஏதாவது ஒன்று நின்றாக வேண்டுமே. அதன் மேல் அவருடைய மாத்திரை டப்பாவும் ஊறுகாய் ஜாடியும் இருக்கின்றன. அதைக் கருவறை என்று சொல்ல நாக்குக் கூசுகிறது, ஆனாலும் தலை அந்தப் பக்கமும் கால் சுவர்ப் பக்கமுமாகவே உருளப் பழகியிருக்கிறேன். “வளையுது, வளையுது. மேசையை விட்டு விலகிப் போறே, ஞானம்,” என்கிறார் அவர், சுவரோரத்தில் தலையணையோடு நின்றுகொண்டு. என் பெயர் ஞானாம்பாள். இத்தனை வருடத்தில் அவர் அதை முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கொதிகலன் தொழிற்சாலையில் குழாய்களைச் சோதித்து ஓய்வுபெற்றவர் என்பதால் என் உடம்பையும் ஒரு குழாயாகவே பார்க்கிறார். “உன் மேல குத்தமில்ல. தோள் அகலம், பாதம் குறுகல். ஒரு முனை பெருத்த குழாயை உருட்டிவிட்டா குறுகின பக்கமாத்தான் வளைஞ்சு போகும். இப்படியே விட்டா நீ சாமியைச் சுத்த மாட்டே, மதிலைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடுவே.” நான் சிரிக்கவில்லை. உருளும்போது சிரித்தால் மூச்சு கெட்டுவிடும், மூச்சு கெட்டால் தலை சுற்றும், தலை சுற்றினால் இன்றைய பயிற்சி முடிந்தது என்று அவர் கையைத் தட்டிவிடுவார். கொள்ளிடத்துக்கு அப்பால் இருக்கும் அம்மன் கோயிலின் வெளிப்பிராகாரத்தை ஒரு முறை உருண்டு வருவதாக வேண்டிக்கொண்டவள் நான். எழுபதைக் கடந்த உடம்பு. கல்தரை. ஈரச்சேலை. வழியில் நின்று பார்ப்பவர்கள், அவர்களில் என்னிடம் படித்தவர்கள் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். கல்லூரியில் புவியியல் நடத்திய நாட்களில் இந்தக் காட்சியை யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால், உட்காரும்மா, பாடத்துக்கு வா என்று சொல்லியிருப்பேன்.

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னது பர்வதம், என் கணவரின் தங்கை. தன் மகன் வேலைக்காக இரண்டு முறை உருண்டவள், ஆகவே எங்கள் குடும்பத்தில் இந்தத் துறைக்கு அவள்தான் அதிகாரி. “கண்ணைத் தொறந்தீங்கன்னா கோபுரம் மேல விழற மாதிரி இருக்கும் அண்ணி. மூடிக்கிட்டுப் போங்க. வயித்துல ஒண்ணும் இருக்கக் கூடாது. சேலைக்கு உள்ள பேண்ட் போட்டுக்குங்க, முந்தானையை இறுக்கிச் சொருகுங்க, முடியை உச்சியில கொண்டை போட்டா கழுத்து தப்பிச்சுது.” எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசியில் அவளே தொலைபேசியில் குரலைத் தாழ்த்தினாள். “ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அவதான் குடுக்கலையே. குடுக்காதவளுக்கு நாம எதுக்கு அண்ணி குடுக்கணும்?” குடுக்காதவள் என்றது அம்மனை. கொடுக்கப்படாதது எங்கள் மகள் தாரிணியின் உயிர். முழங்கைக்கு எந்த எண்ணெய் நல்லது என்று கேட்டேன். பயிற்சி மாசி மாதத்தில் தொடங்கியது. முதலில் கட்டிலிலேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டேன், பிறகு தரையில் மெத்தை, பிறகு ஜமக்காளம், பிறகு பாய், இப்போது வெறும் தரை. கல்லூரியில் எதையும் அப்படித்தான் நடத்தினேன்: அறிமுகம், விளக்கம், பயிற்சி, தேர்வு. உள்ளே அணிந்திருப்பது தாரிணியின் பழைய பருத்திப் பேண்ட். கால்நடை மருத்துவராக அவள் கிராம முகாம்களுக்குப் போட்டுக்கொண்டு போனது. முழங்காலில் ஒரு மருந்துக் கறை, எத்தனை துவைத்தும் போகாத மஞ்சள், போகக் கூடாது என்றுதான் நானும் மெதுவாகத் துவைக்கிறேன். வீட்டு வேலைக்கு வரும் ரோஸ்லின் முதல்நாள் என்னைத் தரையில் கண்டு, விழுந்துவிட்டேன் என்று அலறினாள். காரணம் தெரிந்தபின், “மேடம், நீங்க இப்படி டெய்லி உருண்டா நான் தரை துடைக்கவே வேணாமே, பேசாம மூலைக்கு மட்டும் கொஞ்சம் அழுத்தி உருளுங்க,” என்றாள். அன்று நானும் சிரித்தேன். அவள் போனபிறகு, அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று வெகுநேரம் கோபமாக இருந்தது. மூலை. பெருங்காய வாசனை. இங்கே நிறுத்தி, தலையை அசைக்காமல் கால்களை மட்டும் வட்டமாக இழுத்துத் திசை மாற வேண்டும், கவராயத்தின் ஊசிமுனைபோல் தலை, பென்சில்போல் பாதம். நிற்கும்போதுதான் சுற்றுகிறது. ஓடும்வரை ஒன்றும் இல்லை. பூமி இவ்வளவு வேகமாகச் சுழன்றால் நமக்கு ஏன் மேடம் தலை சுத்தலை என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு பெண் கேட்பாள்; சீரான வேகத்தை உடல் உணராது, மாறுதலைத்தான் உணரும் என்று ஒவ்வோர் ஆண்டும் நான் சொல்வேன், அவர்களும் எழுதிக்கொள்வார்கள், யாரும் திரும்பக் கேட்டதில்லை. காதுக்கான மருத்துவரும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்: நீங்கள் நின்ற பிறகும் உள்காதில் இருக்கும் நீர் சற்று நேரம் சுற்றிக்கொண்டிருக்கும் அம்மா, அது நிற்கும்வரை உலகத்தை நம்பாதீர்கள்.

வேண்டுதல் எனக்குப் பழக்கமில்லை. கேட்பதே பழக்கமில்லை. “எங்கம்மா பஸ்ல ஏறினா ஜன்னலோரம் கேக்க மாட்டா, சீட்டே கேக்க மாட்டா, ஒரு கால் வைக்க இடம் குடுத்தீங்கன்னா இன்னொரு காலைக் கையில தூக்கி வச்சுக்கறேன்னு சொல்லுவா,” என்று தாரிணி தன் தோழிகளிடம் என்னை நடித்துக் காட்டுவாள், ஒற்றைக்காலில் நின்றபடி, என் குரலில், என் கண்ணாடியைப் பறித்து மாட்டிக்கொண்டு. மணம் செய்துகொள்ளாமல் எங்களுடனேயே இருந்தவள். ஒரு மாலை, மாட்டுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு வந்து குளித்து, தலை வலிக்கிறது அம்மா, மிளகு ரசம் வை என்றாள். ரசம் கொதிக்கும்போது குளியலறை வாசலில் விழுந்தாள். மூளையில் ஒரு நாளம் வெடித்துவிட்டது என்றார்கள். அதன் பிறகு ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வரிசையாக இருந்த இரும்பு நாற்காலிகள், அவற்றில் ஒன்றில் நான். பக்கத்தில் ஒரு பெண் தன் புருஷனுக்காகத் திருப்பதிக்கு முடி, பழனிக்குக் காவடி, வேளாங்கண்ணிக்கு மெழுகுவத்தி என்று ஒவ்வொன்றாகச் சத்தமாகவே நேர்ந்துகொண்டிருந்தாள். அவளைக் குறைத்து நினைக்க முடியவில்லை. எனக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும்போல் இருந்தது. என்னிடம் என்ன இருந்தது, முடி வெளுத்துக் கொட்டிவிட்டது, உண்டியலில் போடுவது எல்லோரும் செய்வது. நான் வாழ்நாள் முழுதும் மடித்துச் சுருக்கம் விழாமல் வைத்திருந்தது என் கௌரவம் ஒன்றுதான். ஊரார் பார்க்கத் தரையில் புரள்வதைவிட நான் அஞ்சியது வேறில்லை. ஆகவே அதைக் கொடுப்பதாகச் சொன்னேன். பதிலுக்குக் கேட்க வேண்டிய இடத்தில், இத்தனை காலம் விளக்கேற்றாதவள், திடீரென்று போய் நிற்பவள், எவ்வளவு கேட்பது என்று கூச்சமாக இருந்தது. தாரிணி எழுந்து நடக்க வேண்டும், வீட்டுக்கு வர வேண்டும் என்று கேட்டிருக்கலாம். நூறு வருஷம் இருக்க வேண்டும் என்றுகூடக் கேட்பார்கள், கேட்பதற்கு என்ன. நான் கேட்டது: ஒரு முறை கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கட்டும், அது போதும், உன் பிராகாரத்தை உருண்டு வருகிறேன். போதும் என்ற சொல்லையும் சேர்த்துத்தான் சொன்னேன். மறுநாள் பகலில் என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். என் கணவர் கீழே மருந்துக்கான வரிசையில் நின்றிருந்தார். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். கண் திறந்தது. இரண்டு கண்ணும், அகலமாக, தூங்கி எழும்போது திறப்பாளே அப்படி. பார்வை என் முகத்தின் மேல் வந்தது, நிற்கவில்லை, ஓரமாக நழுவிப் போயிற்று, மறுபடி வந்தது, மறுபடி நழுவிற்று, சுவரின் மேல் போவதுபோலத்தான் என் மேலும் போயிற்று. தாரிணி என்றேன். இன்னும் சற்று நேரம் அப்படியே நழுவி நழுவி வந்து, பிறகு இமை இறங்கிவிட்டது. அங்கிருந்த இளம் மருத்துவர் கனிவானவர். தனியாக அழைத்து, நாற்காலி போட்டு, “மேடம், அது அனிச்சை. கண்ணு தொறக்கும், ஆனா பார்க்காது. கவனிச்சீங்களா, எதுலயும் நிக்கல பாருங்க. நம்பிக்கை குடுத்து உங்களை நான் ஏமாத்தக் கூடாது,” என்றார். மறுநாள் விடியும்முன் அவள் போய்விட்டாள்.

“தோள் தூக்குது. வலிக்குதா?” இல்லை என்று விரலை அசைக்கிறேன். அலமாரிப் பக்கம், குளிர்ந்த தரை, பழைய காகிதத்தின் வாசனை. என் கணவரிடம் அனிச்சை என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை. மருந்துப் பையோடு படியேறி வந்தவரிடம், கண்ணைத் திறந்தாள் என்று மட்டும் சொன்னேன். அது உண்மை, அளவாகச் சொன்ன உண்மை. அவர் மீதியைத் தாமே நிரப்பிக்கொண்டார். காவலாளியிடம் சொன்னார், லிஃப்ட் இயக்குபவரிடம் சொன்னார், காரியத்துக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார், அம்மாவைப் பாத்துட்டுத்தான் போனா. இன்றும் காபி ஆறிப்போகும் அளவுக்கு எதையாவது நினைத்து உட்கார்ந்திருந்துவிட்டுத் திடீரென, “உன்னைப் பாத்துட்டா இல்ல, அது போதும்,” என்பார், என்னிடம் அல்ல, ஊறுகாய் ஜாடியிடம். நான் எழுந்து ஏதாவது வேலையைப் பார்ப்பேன். அவள் பார்க்கவில்லை என்றால் நான் கேட்டது கிடைக்கவில்லை. கிடைக்காததற்குக் கைம்மாறு இல்லை. பர்வதத்தின் பேச்சு நியாயம், மேசையைச் சுற்றி இத்தனை மாதம் உருண்டது ஒரு கிழவியின் உடற்பயிற்சி. அவள் பார்த்தாள் என்றால் கிடைத்துவிட்டது. கேட்டது, கேட்டபடி, ஓர் இம்மி குறையாமல். அப்படியானால் நான் இன்னும் கேட்டிருக்கலாம். யாரோ காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், கொடுக்கும் நிலையில்தான் இருந்தார்கள், பேருந்தில் ஒரு கால் வைக்க இடம் கேட்பதுபோல் நான் என் பெண்ணின் ஒரு பார்வையைக் கேட்டேன். இந்த எண்ணத்துக்கு வந்ததும் மனம் அந்த இளம் மருத்துவரின் நாற்காலிக்கு ஓடிப்போய் உட்கார்ந்துகொள்ளும். அனிச்சை, அனிச்சை. அங்கே அதிக நேரம் இருக்கவும் முடியாது, அங்கே இருந்தால் தாரிணி ரசம் வை என்று சொன்னதோடு போய்விட்டவள் ஆகிறாள், அதன் பிறகு யாரையும் அவள் பார்க்கவே இல்லை. ஆகவே எழுந்து இந்தப் பக்கம் வருவேன். போவதும் வருவதும். கோயிலில் போய் உருண்டேன் என்றால் பார்த்தாள் என்று சாட்சி சொன்னதாகும்; போகவில்லை என்றால் பார்க்கவில்லை என்று கையெழுத்திட்டதாகும். தெரியாத ஒன்றைத் தெரியும் என்று நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. பயிற்சி செய்துகொண்டிருக்கும்வரை இரண்டையும் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் கல் சுடும் என்றேன், ஒப்புக்கொண்டார்கள். ஆடியில் கூட்டம் மிதித்துவிடும் என்றேன், ஐப்பசியில் பிராகாரம் வழுக்கும் என்றேன். எல்லாமே சரியான காரணங்கள், அதுதான் வெட்கம். இப்போது மார்கழி. கல் குளிர்ந்திருக்கும். தரை காய்ந்திருக்கும். முழங்கை தழும்பேறிவிட்டது. இந்த உடம்பு, நான் நம்பியிருந்த இந்தச் சோம்பேறி உடம்பு, என்னைக் கேட்காமல் தேறிக்கொண்டு வருகிறது.

நாலாவது மூலையையும் திரும்பிவிட்டேன் போலிருக்கிறது, கன்னத்தில் வெயில் படுகிறது. இந்த இடத்தில் வழக்கமாக வயிறு புரளும், வாயில் உப்பு ஊறும், நான் கையைத் தூக்குவேன், அவர் சொம்போடு வருவார். இன்று ஒன்றும் ஊறவில்லை. ஊறட்டும் என்று காத்தபடியே ஒரு புரட்டு, இன்னொரு புரட்டு. மின்விசிறி. அவர் பக்கத்திலேயே வருகிறார், அவருடைய மூட்டு மடங்கும் ஓசை எனக்குக் கேட்கிறது. கையை இப்போது தூக்கிவிடலாம். சுற்றுகிறது என்று சொல்லிவிடலாம், யார் போய் என் காதுக்குள் பார்க்கப்போகிறார்கள். உள்ளங்கையைப் பிரிக்க நினைக்கிறேன், அதற்குள் இடுப்பு தானாகத் திரும்பிவிட்டது, கால் வட்டமாக இழுத்துப் பெருங்காய மூலையையும் மறுபடி கடந்துவிட்டது, அலமாரியின் குளிர்ச்சி, காகித வாசனை, இன்னும் ஒரு புரட்டு, இன்னும் ஒன்று. “ஞானம்! சுத்திட்டே! முழுசாச் சுத்தி வந்துட்டே!” அந்தக் குரலில் என்ன இருந்ததோ, அவர் அப்படிக் கத்தி எவ்வளவோ காலமாயிற்று, நின்றவுடன் திறக்கக் கூடாத கண்ணைச் சட்டென்று திறந்துவிட்டேன். விட்டம் வலப்பக்கமாக ஓடுகிறது. ஓடி முடியுமுன் மறுபடி தொடக்கத்துக்கு வந்து மறுபடி ஓடுகிறது. அதன் குறுக்கே அவர் முகம், தலைகீழாக, மேலிருந்து குனிந்த முகம், வருகிறது, ஓரமாக நழுவிப் போகிறது, வருகிறது, நழுவுகிறது. பிடித்து நிறுத்தப் பார்க்கிறேன், முடியவில்லை. ஆனால் அவர்தான். தாடையில் சவரக்கத்தி படாமல் விட்ட வெள்ளை முடிகள் தெரிகின்றன, மூக்குக் கண்ணாடியில் என் சேலையின் நிறம் தெரிகிறது, அவருக்குப் பயம் வந்துகொண்டிருப்பதுகூடத் தெரிகிறது. “ஐயோ, என்ன இது, கண்ணு எங்கெங்கேயோ ஓடுதே. ஞானம். இங்க பாரு. என் மேல நிக்க மாட்டேங்குதே உன் கண்ணு. என்னைத் தெரியுதா?” நா வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சொல் வர நேரமாகிறது. அந்த நேரம் முழுவதும் நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், நான் பார்க்கவில்லை என்று அவர் பயந்துகொண்டே இருக்கிறார். நழுவுகிறது, வருகிறது. மேலிருந்து குனிந்து, பெயர் சொல்லி அழைத்து, எதிலும் நிற்காத கண்ணைக் கண்டு, இது என்னைக் காணவில்லை என்று முடிவுகட்டுகிற முகம். நான் அந்த முகமாக இருந்திருக்கிறேன். கீழே கிடந்து அதைப் பார்ப்பது எப்படி என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இது நிரூபணம் ஆகாது. காது வேறு, மூளை வேறு. அந்த மருத்துவர் இன்னொரு நாற்காலி போட்டு விளக்குவார், அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். ஆனால் எதிலும் நிற்காத கண் எதையும் பார்ப்பதில்லை என்று இனி என்னால் சொல்ல முடியாது. விட்டம் மெதுவாகிறது. “தெரியுதுங்க,” என்கிறேன், “நல்லாத் தெரியுது. நின்ன நேரத்துலேர்ந்தே தெரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துது.” அவர் தலையணையைப் போட்டுவிட்டு அதன் மேல் உட்காருகிறார். “பயமுறுத்திட்டியே. அவளும் இப்படித்தானா…” என்று தொடங்கி நிறுத்திக்கொள்கிறார். அவர் தாரிணி கண் திறந்ததைக் காணாதவர். எப்படிப் பார்த்தாள் என்று கேட்க இவ்வளவு நாள் துணியாதவர். “இப்படித்தான்,” என்கிறேன். “இப்படித்தாங்க பாத்தா.” அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொள்கிறார். ரோஸ்லின் வரும் நேரம். எழுந்து உட்கார வேண்டும், நாற்காலிகளை எடுத்துப் போட வேண்டும். “வெள்ளிக்கிழமை போயிடலாங்க. பக்கத்துல நின்னு தள்ளிவிட ஒரு பொம்பளை வேணும், பர்வதத்தை வியாழக்கிழமையே வரச் சொல்லுங்க.” துண்டுக்குள்ளிருந்து சரி என்ற குரல் வருகிறது. உலகம் நின்றுவிட்டது, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன, நான் மட்டும் இன்னும் தரையிலேயே கிடக்கிறேன். என் பெண் என்னைப் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான் நான் கேட்டேன்.